முப்பத்து மூன்று பந்து, ஒன்றுகூட ஷெர்மன் பக்கம் இல்லை

2014 செப்டம்பர் 4. என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீகின் அந்த ஆண்டு சீசனில் முதல் ஆட்டம், சியாட்டிலில். எதிரணி கிரீன் பே பேக்கர்ஸ். பந்தை எறியும் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் அன்று 33 தடவை பந்தை எறிந்தார். சியாட்டிலின் தடுப்பாட்டக்காரர் ரிச்சர்ட் ஷெர்மன் காவல் காத்த ஆளை நோக்கி ஒரு தடவைகூட எறியவில்லை. ஷெர்மனுக்கு எதிரே பெரும்பாலும் நின்றவர் ஜாரெட் பாய்கின் என்ற ரிசீவர். பாவம், மனிதர் ஆட்டம் முழுக்க ஓடினார், பந்து அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ராட்ஜர்ஸுக்குக் கிடைத்தது 189 யார்டு. சியாட்டில் 36-16 என்று ஜெயித்தது.

ராட்ஜர்ஸ் பயந்துவிட்டார் என்றார்கள் சிலர். இல்லை, அதுதான் புத்திசாலித்தனம் என்றார்கள் வேறு சிலர். முந்தைய 2013 சீசனில் லீகிலேயே அதிகமாக 8 இன்டர்செப்ஷன் பிடித்தவர் ஷெர்மன். அப்படிப்பட்ட ஆள் பக்கம் எதற்காக எறிய வேண்டும்? ராட்ஜர்ஸும் சாதாரண ஆள் இல்லை. அந்த சீசனின் முடிவில் லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் போனது. அப்படிப்பட்டவர் ஒரு ஆட்டம் முழுக்க மைதானத்தின் ஒரு பக்கத்தை விட்டுக்கொடுக்கிறார் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ கணக்கு இருக்கும். அந்தக் கணக்கு சரியா என்பதுதான் விஷயம்.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு நிமிடம். பந்து கையில் இருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள். குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வாங்கிச் சுமார் இரண்டரை வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நூற்று இருபது, நூற்று முப்பது கிலோ ஆட்கள் மேலே விழுவார்கள். பந்தைப் பிடிக்க ஓடுபவர் ரிசீவர். ஓரங்களில் அவரை ஒட்டியே ஓடி மறிப்பவர் கார்னர்பேக். பின்னால் ஆழத்தில் நின்று தப்பிப் போவதை அடைப்பவர் சேஃப்டி. எறிந்த பந்தை எதிரணிக்காரர் பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன், பந்து அவர்களுடையது. ரிசீவருக்குத் தான் எங்கே ஓடப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரியும், கார்னருக்குத் தெரியாது. பல நேரம் பின்னோக்கி ஓடிக்கொண்டே யூகிக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் மிகக் கஷ்டமான வேலை எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

போதாக்குறைக்கு விதிகளும் கார்னருக்கு எதிராகத்தான் இருக்கின்றன. எழுபதுகளில் பிட்ஸ்பர்க் அணியின் மெல் பிளவுண்ட் ரிசீவர்களை மைதானம் முழுக்கத் தள்ளிக்கொண்டே போவார். 1975-ல் 11 இன்டர்செப்ஷன் எடுத்தார். 1978-ல் விதியை மாற்றினார்கள்: முதல் 5 யார்டுக்கு அப்பால் ரிசீவரைக் கையால் மறிக்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒருவர் தன் பக்கத்தைப் பூட்டிப் போடுகிறார் என்றால் அவர் அபூர்வம். பல காலம் பழகிய அமெரிக்க ரசிகர்களே அப்படிப்பட்டவர்களை விரல்விட்டுத்தான் எண்ணுவார்கள்.

எறியாமல் இருப்பதற்கான வாதம் எளிமையானது. ஒரு இன்டர்செப்ஷன் சராசரியாக நான்கு புள்ளி அளவுக்கு நஷ்டம் என்பது இந்தத் துறையின் பழைய கணக்கு. யார்டில் சொன்னால் ஏறத்தாழ ஐம்பது. ஒரு நல்ல எறி தருவது ஏழெட்டு யார்டு. ஏழு யார்டுக்காக ஐம்பது யார்டைப் பணயம் வைப்பானேன்? ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ரஷித் கானின் நான்கு ஓவரை விக்கெட் விடாமல் ஓட்டிவிட்டு, மறுமுனையில் வருபவரை அடிப்பது.

இதை முறையாகச் செய்து காட்டியவர் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மானிங். 2009 சீசனில் நியூயார்க் ஜெட்ஸின் கார்னர் டேரல் ரெவிஸ் ஆடிய ஆட்டம் தனி ரகம். எதிரணியின் முதன்மை ரிசீவர் யாரோ அவரோடு மைதானம் முழுக்கப் போவார், பெரும்பாலும் உதவிக்கு ஆள் இல்லாமல். ராண்டி மாஸ், ஆண்ட்ரே ஜான்சன், டெரல் ஓவன்ஸ் என்று அந்தக் காலத்தின் பெரிய பெயர்கள் எல்லாம் சொற்பப் பந்துகளோடு வீடு திரும்பினார்கள். ரெவிஸ் தீவு என்று பெயர் வந்தது. அந்தத் தீவுக்குப் போனவர் தனியாகத்தான் கிடக்க வேண்டும்.

2010 ஜனவரி 24, லீகின் ஒரு பாதியான ஏஎஃப்சியின் இறுதி ஆட்டம் (அரையிறுதிக்குச் சமம்), ஜெட்ஸும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸும். மானிங்கின் முதல் ரிசீவர் ரெஜி வெய்ன். ரெவிஸ் அவரைப் பிடித்துக்கொண்டார், வெய்ன் பிடித்தது மூன்றே பந்து. மானிங் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. பியர் கார்சோன் 11 பந்து, 151 யார்டு. ஆஸ்டின் காலி என்ற புது ஆள் 7 பந்து, 123 யார்டு. இரண்டாம் கால்பகுதியின் கடைசியில் 17-6 என்று பின்தங்கியிருந்த கோல்ட்ஸ் 30-17 என்று ஜெயித்தது. மானிங் 377 யார்டு எறிந்தார். (கார்சோனின் குடும்பம் ஹெய்ட்டியைச் சேர்ந்தது. நிலநடுக்கம் நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவர் ஹெய்ட்டிக் கொடியோடு நின்ற படம் இன்றும் நினைவில் இருக்கிறது.)

சரி, மானிங் தவிர்த்தார், ஜெயித்தார். ராட்ஜர்ஸ் தவிர்த்தார், தோற்றார். ஒரே வைத்தியம், ஒருவருக்குப் பலித்தது, ஒருவருக்குப் பலிக்கவில்லை என்று விட்டுவிடலாமா? கூடாது என்பது என் கட்சி. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

ரெவிஸ் ஒரு ஆளை எடுத்துக்கொள்கிறார். அந்த ஆள் எங்கே நின்றாலும் ரெவிஸும் அங்கே. ஆகவே மானிங் விட்டுக்கொடுத்தது வெய்னை மட்டும்தான். மைதானம் முழுதும் அவர் கையில் இருந்தது, கார்சோனை எந்தப் பக்கமும் நிறுத்தலாம். ஷெர்மன் அப்படி ஆடுபவர் இல்லை. அந்தக் காலத்து சியாட்டிலில் அவர் டிஃபென்ஸின் இடது மூலையை விட்டு அதிகம் நகர மாட்டார். அவர் எடுத்துக்கொள்வது ஒரு இடத்தை. 'அவருக்கு நேரே சுமாரான ஆளை நிறுத்திவிட்டால் அவரை வீணடித்த மாதிரிதானே, மிச்சம் பத்துக்குப் பத்து' என்று தோன்றும். பேக்கர்ஸும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் ஷெர்மனோடு சேர்ந்து மைதானத்தின் ஒரு ஓரமும் ஆட்டத்தை விட்டுப் போகிறது. அகலமே 53 யார்டுக்குச் சற்று அதிகம்தான். அதில் ஒரு பக்கத்துக்குப் பந்து வராது என்று தெரிந்துவிட்டால் நடுவில் ஆழத்தில் நிற்கும் சேஃப்டி என்ன செய்வார்? மெல்ல மறுபக்கம் சாய்வார். சியாட்டிலில் அந்த இடத்தில் நின்றவர் ஏர்ல் தாமஸ், லீகின் அதிவேக சேஃப்டிகளில் ஒருவர். அவருக்கு இரண்டடி சலுகை கொடுத்தாலே கதை முடிந்தது. அன்று ராட்ஜர்ஸின் சராசரி ஒரு எறிக்கு ஆறு யார்டைக்கூடத் தொடவில்லை. முதன்மை ரிசீவர் ஜோர்டி நெல்சனுக்கு 14 பந்து எறிந்தார், கிடைத்தது 83 யார்டு.

இதை ஒரு கற்பனைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கார்னர் பக்கம் எறிந்தால் ஒரு எறிக்கு 5 யார்டு, மறுபக்கம் 7 யார்டு என்று வையுங்கள். மொத்தம் 35 எறி. எல்லாவற்றையும் 7 யார்டு பக்கமே எறிய வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் எல்லாம் அங்கேதான் வரும் என்று தெரிந்ததும் எதிரணி சாய்ந்துகொள்ளும், அந்த 7 என்பது 6.3 ஆகும். 35 எறிக்கு 220 யார்டு. மாறாக 30 பந்தை அந்தப் பக்கமும் 5 பந்தை நல்ல கார்னர் பக்கமும் எறிந்தால் எதிரணியால் சாய முடியாது. 210-உம் 25-உம் சேர்ந்து 235. குறைவாகத் தரும் பக்கம் எறிந்துதான் அதிகம் கிடைக்கிறது. அந்த 5 பந்தில் இன்டர்செப்ஷன் ஆபத்து நூற்றுக்கு ஐந்து கூடுதல் என்று கழித்தால் ஒரு பன்னிரண்டு யார்டு போகும். மிச்சம் 223. அந்தப் பக்கம் எறியாமலே இருந்து கிடைத்த 220-ஐவிட இன்னும் கொஞ்சம் மேல்தான், ஆனால் மயிரிழை. இந்த மயிரிழையால்தான் பயிற்சியாளர்களுக்குள் இதில் ஒத்த கருத்தே வருவதில்லை. கார்னர் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தாலும், மறுபக்கம் இன்னும் கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் விடை மாறிவிடும்.

அந்த 5, 7 என்ற எண்களை நிஜ ஆட்டத்தில் யார் அளந்து கொடுப்பது என்பது அடுத்த சிக்கல். குவார்ட்டர்பேக் 'இன்றைக்கு ஷெர்மன் பக்கம் எறியப்போகிறேன்' என்று முடிவு செய்துவிட்டு எறிவது அபூர்வம். பந்து கைக்கு வந்த பிறகு ஒவ்வொரு ரிசீவராகப் பார்த்துக்கொண்டே போவார், யார் விலகி நிற்கிறாரோ அவருக்கு எறிவார். ஆக, ஒரு நல்ல கார்னர் பக்கம் பந்து போகிறது என்றாலே பெரும்பாலும் அந்த ஒரு தடவை அவர் பிந்திவிட்டார் என்று அர்த்தம். ஒட்டிக்கொண்டே ஓடிய மற்ற முப்பது தடவை எந்த ஏட்டிலும் ஏறாது. அவர் தரும் சராசரி அவருடைய மோசமான தருணங்களின் சராசரி. அதைப் பார்த்து 'பரவாயில்லையே, இவர் பக்கமும் ஆறு யார்டு கிடைக்கிறதே' என்று இன்னும் பத்துப் பந்து எறிந்தால் கை சுட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நம்டி அசோமுகா என்ற கார்னரின் கதை இதற்கு நல்ல சாட்சி. 2006-ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்கு 8 இன்டர்செப்ஷன் எடுத்தார். அடுத்த மூன்று ஆண்டும் ஆண்டுக்கு ஒன்று. 2010-ல் ஒன்றுமே இல்லை. எண்ணை மட்டும் பார்ப்பவர் ஆள் தேய்ந்துவிட்டார் என்பார். ஆனால் 2008, 2010 இரண்டிலும் அவர் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல்-ப்ரோ முதல் அணியில் இருந்தார். பந்தே வராதவர் எதைப் பிடிப்பார்? இதற்கு நேர் எதிர் 2021-ன் டிரெவான் டிக்ஸ். டல்லாஸுக்கு 11 இன்டர்செப்ஷன், அதே சீசனில் தன் காவலில் 900 யார்டுக்கு மேல் விட்டுக்கொடுத்தார். அவர் பக்கம் எறிவது லாபமா நஷ்டமா என்று அந்த ஆண்டு முழுக்கச் சண்டை நடந்தது. எனக்கு இன்றுவரை தெளிவான விடை இல்லை.

இன்னொரு சுவாரசியமான எண். பாஸர் ரேட்டிங் என்று எறிபவரை மதிப்பிடும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு பந்தையும் யாருக்கும் எறியாமல் தரையில் அடித்தால் அதில் 39.6 கிடைக்கும். மிகச்சிறந்த கார்னர்களின் மிகச்சிறந்த சீசன்களில் அவர்கள் பக்கம் எறிந்தவர்களின் ரேட்டிங் சில நேரம் அதற்கும் கீழே போயிருக்கிறது. தரையில் அடித்திருந்தாலே தேவலை.

எப்போது எறியலாம் என்றால், நஷ்டம் மலிவாக இருக்கும்போது. மூன்றாவது வாய்ப்பு, இன்னும் 15 யார்டு வேண்டும். எறிந்து தவறினால் அடுத்து எப்படியும் பந்தை உதைத்து எதிரணிக்கே கொடுக்கப்போகிறீர்கள், அது சுமார் 40 யார்டு தள்ளிப் போகும். நல்ல கார்னர் பக்கம் 40 யார்டு ஆழமாக எறிந்து அவர் பிடித்தாலும் அதே இடம்தான். பிடிக்காமல் நம் ஆளை இழுத்துவிட்டால் தவறு நடந்த இடத்திலேயே பந்து கிடைக்கும். மிக நல்ல கார்னர்களும் இழுப்பார்கள். பிறகு, குட்டை எறிகள். ரிசீவர் மூன்றடி ஓடி உள்ளே வெட்டும்போது கையில் திணித்துவிடுவது. கார்னர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதைத் தடுப்பது கஷ்டம். முன்னே ஓடுவது போலக் காட்டி நின்று திரும்பும் ஆளின் பின் தோளுக்கு எறிவதும் அப்படித்தான்.

எறியவே கூடாத இடம், எதிரணியின் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் போன பிறகு. அங்கே இடம் குறுகிவிடும், கார்னருக்குப் பின்னால் காக்க வேண்டிய ஆழமே இல்லை, அவர் முன்னே பாயலாம். 2024 அக்டோபரில் ரெய்டர்ஸின் கார்டனர் மின்ஷூ டென்வர் கோட்டருகே எறிந்ததை டென்வர் கார்னர் பேட்ரிக் சர்டெய்ன் பிடித்து 100 யார்டு ஓடி, மறுகோடிக் கோட்டைத் தாண்டி டச் டவுன் (ஆறு புள்ளி) போட்டார். ரெய்டர்ஸ் இன்னும் முன்னே போயிருக்க வேண்டிய ஆட்டம் அந்த ஒரு பந்தில் சமனானது. அந்த சீசனின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது சர்டெய்னுக்கே.

ஆனால் இந்த விவாதத்தில் எப்போதும் வந்து நிற்பது 2014 ஜனவரி 19-ன் அந்தப் பந்து. அதைப் பல தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். லீகின் மறுபாதியான என்எஃப்சியின் இறுதி. சியாட்டில் 23, சான் ஃபிரான்சிஸ்கோ 17. பந்து சான் ஃபிரான்சிஸ்கோவிடம், கோட்டுக்கு 18 யார்டு. நேரம் 30 வினாடி, கையில் இரண்டு டைம் அவுட் (கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு), அதிலும் இது முதல் வாய்ப்பு. ஒரு டச் டவுன் போட்டால் ஜெயிக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் காலின் கேப்பர்னிக் அன்று ஷெர்மன் பக்கத்தை ஏறக்குறைய மறந்தே இருந்தார். இப்போது கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் ஸோனின் வலது மூலைக்கு, மைக்கேல் கிராப்ட்ரீக்கு, உயரமாக எறிந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே ஷெர்மன் திரும்பிவிட்டார். கிராப்ட்ரீக்கு முன்னே தன் உடம்பைக் கொண்டுவந்து, எகிறி, இடது கையை நீட்டி, விரல் நுனியால் பந்தைத் தட்டினார். தட்டியதும் கீழே போகவில்லை, உள்ளே ஓடி வந்த மால்கம் ஸ்மித் கையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு தொலைக்காட்சிக் கேமரா முன்னால் ஷெர்மன் போட்ட சத்தம் வேறு கதை.

கேப்பர்னிக் ஷெர்மன் பக்கம் எறிந்ததே தப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பந்து அரை அடி உயரமாகப் போயிருந்தால் அது வெற்றி எறி. தப்பு நேரத்தில்தான். இன்னும் மூன்று வாய்ப்பும் இரண்டு டைம் அவுட்டும் இருக்கும்போது, நடுவில் பத்து யார்டு எடுத்துவிட்டு நெருங்கியிருக்கலாம். கடைசி ஐந்து வினாடி, வேறு வழியில்லை என்ற நிலையில் இதே எறியை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆட்டம் முழுக்க ஏறக்குறைய தொடாமல் வைத்திருந்த ஆளைத் தொடுவதற்கு அதைவிட விலை உயர்ந்த நொடி கிடையாது. ஷெர்மனோ மூன்று மணி நேரமாக அதற்காகவே காத்திருந்தவர்.

இதில் காசு பார்த்தவர் ஷெர்மன் மட்டும் இல்லை. அவரைத் தவிர்த்த பந்துகள் எல்லாம் எதிர்ப்பக்கம் சியாட்டிலின் இன்னொரு கார்னர் பைரன் மேக்ஸ்வெல்லிடம் வந்தன. ராட்ஜர்ஸ் ஷெர்மனைத் தவிர்த்த அந்த இரவில்கூட நெல்சன் கையிலிருந்து எகிறிய பந்தைப் பிடித்தவர் மேக்ஸ்வெல்தான். 2015-ல் ஃபிலடெல்ஃபியா அவருக்கு ஆறு ஆண்டுக்கு 63 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அங்கே மறுமூலையில் ஷெர்மனும் இல்லை, நடுவில் தாமஸும் இல்லை. ஓராண்டிலேயே அவரை மயாமிக்குத் தள்ளிவிட்டார்கள்.

ராட்ஜர்ஸ் அதே சீசனில் மறுபடி சியாட்டில் வந்தார், 2015 ஜனவரி 18, என்எஃப்சி இறுதிக்கு. இந்தத் தடவை தவிர்க்கவில்லை. முதல் ட்ரைவிலேயே (பந்து கைக்கு வந்த முதல் சுற்று) எண்ட் ஸோனில் டவான்டே ஆடம்ஸுக்கு எறிந்தார், ஷெர்மன் பிடித்துக்கொண்டார். வேடிக்கை, அதே ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் ஷெர்மனின் இடது முழங்கை மடங்கிவிட்டது. கையை வயிற்றோடு அணைத்தபடி நின்றார், தொலைக்காட்சியில் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. பேக்கர்ஸ் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஒற்றைக் கையோடு நின்றாலும் அந்த மூலைக்கு ஒரு மரியாதை இருந்தது. 16-0 என்று முன்னே இருந்தவர்கள் கூடுதல் நேரத்தில் 28-22 என்று தோற்றார்கள். என்னைப் பொறுத்தவரை செப்டம்பரில் எறியாததைவிட, ஜனவரியில் முதல் ட்ரைவில் எறிந்ததைவிட, அந்தக் கடைசி நிமிடங்களில் எறியாமல் விட்டதுதான் பெரிய பிழை. கார்னரின் பெயருக்குப் பயப்படலாம். ஆனால் அன்று களத்தில் நின்றது அந்தப் பெயரில் பாதிதான்.

இரண்டு வாரம் கழித்து லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் போல். சியாட்டிலும் நியூ இங்கிலாந்தும். சியாட்டிலில் முழங்கை அடிபட்ட ஷெர்மன். நியூ இங்கிலாந்தில் அந்த ஆண்டு சேர்ந்திருந்த ரெவிஸ். இரண்டு மூலையிலும் அந்தத் தலைமுறையின் இரண்டு பெரிய கார்னர்கள். நியூ இங்கிலாந்தின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி ஷெர்மனைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். முதல் கால்பகுதியில் சியாட்டில் கார்னர் ஜெரமி லேன் காயத்தோடு வெளியேற, பதிலுக்கு வந்த தரோல்ட் சைமனைத் தேடித் தேடி எறிந்தார். 50 எறியில் 37 சேர்ந்தது, கடைசி டச் டவுனும் சைமன் தலையில்தான். ரெவிஸ் பக்கமோ, மூன்றாம் கால்பகுதியில் அவர் நடுவர் மேல் மோதித் தடுமாறிய ஒரு நொடியில் சியாட்டில் ரிசீவர் டக் பால்ட்வின் தனியே நின்று டச் டவுன் பிடித்தார்.

கடைசி 26 வினாடி. கோட்டுக்கு 1 யார்டு. சியாட்டிலுக்கு ஒரு டச் டவுன் போதும். சியாட்டில் குவார்ட்டர்பேக் ரசல் வில்சன் ரெவிஸ் பக்கம் எறியவில்லை. எந்த அணியும் தேர்வில் எடுக்காத, அதுவரை பெயர்கூடப் பலருக்குத் தெரியாத மால்கம் பட்லர் என்ற முதல் ஆண்டுக்காரர் பக்கம் எறிந்தார். பட்லர் பிடித்தார். நியூ இங்கிலாந்துக்கு 28-24.